நுண்ணோக்கி அறை இடைவெளியில் கொட்டிய சிமென்ட்

அனுப்புநர்:
குவாபெனா ஒதெங்,
பொறுப்பாளர், மின்னணு நுண்ணோக்கிப் பிரிவு.

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
போதனா மருத்துவமனை,
ஒஃபின்க்ரோம், கானா.

பொருள்: நுண்ணோக்கி அறையில் அடைபட்ட இடைவெளியைத் திறக்கவும், திருமதி அபெனா சர்பொங் மீதுள்ள பழியை நீக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் நுண்ணோக்கி, கட்டடத்தைத் தொடாத தனிக் கான்கிரீட் மேடைமேல் நிற்கிறது. ஜெனரேட்டர் ஓடினாலும் தள்ளுவண்டி உருண்டாலும் அதிர்வு மேடைக்கு வராதிருக்கவே சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள்.

2. அமைச்சர் வருகைக்காகத் தரையைச் சீர்செய்தபோது நான் விடுப்பில் இருந்தேன். பராமரிப்புப் பிரிவினர் அந்த இடைவெளியை வெடிப்பு என்று எண்ணிச் சிமென்ட் கொட்டி, மேலே டைல்ஸும் பதித்துவிட்டார்கள். வேலை மிக அழகு. அன்று முதல் படங்கள் கலங்கியே வருகின்றன. இதைத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். சிமென்ட்டை யாரும் தொடவில்லை. மதிலுக்கு அப்பால் மரவள்ளியும் வாழைக்காயும் இடித்து ஃபுஃபு என்னும் களி விற்கும் அபெனாவுக்கு, அவரது உலக்கையால்தான் நுண்ணோக்கி கெடுகிறது என்று தங்கள் அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட அறிவிப்புப் போயிற்று.

3. அப்போது அவர் மகள் செர்வா நம் சிறுநீரக வார்டில் கிடந்தாள். என்ன நோய் என்று அவளுடைய திசுவின் படம்தான் சொல்ல வேண்டும். அறிவிப்பைப் படித்த அன்றே அபெனா இடிப்பதை நிறுத்தினார். வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள். மத்தியானம்தோறும் என் ஜன்னலருகே வந்து கேட்பார்: "ஐயா, நான் உலக்கையத் தொடவே இல்லையே. இன்னுமா படம் ஆடுது?" ஆடத்தான் செய்தது. உலக்கை ஓய்ந்தும் ஆடியதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

4. திசுவைத் தலைநகருக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் செர்வா இறந்துவிட்டாள். உத்தேசமாகக் கொடுத்த மருந்து அவள் நோய்க்கு உரியதல்ல. படம் தெளிந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்த ஒரு வாய்ப்பாவது அவளுக்குக் கிடைத்திருக்கும்.

5. அடக்கத்தன்று, துக்கத்துக்குரிய சிவப்பும் கறுப்பும் உடுத்தி வந்தவர்களிடமெல்லாம், "என் உலக்கதான் என் பிள்ளையக் கொன்னுடுச்சு, முன்னாடியே நிறுத்தியிருக்கணும்" என்று சொல்லி அழுதார் அபெனா. சிமென்ட் பற்றி எடுத்துச் சொன்னேன். "என்னத் தேத்துறதுக்குச் சொல்றீங்க. ஆபீஸ்ல முத்திர குத்தியில்ல எழுதியிருக்காங்க" என்கிறார். இன்றுவரை அவர் கடை திறக்கவில்லை.

ஆகவே, டைல்ஸைப் பெயர்த்துச் சிமென்ட்டை வெட்டியெடுக்க உடனே உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இன்னும் பல நோயாளிகளின் திசுக்கள் காத்திருக்கின்றன. அத்துடன், அவரது உலக்கை ஒரு தீங்கும் செய்யவில்லை என்று அபெனாவுக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். என் வாய்ச்சொல்லை அவர் நம்பவில்லை. தயவுசெய்து அதிலும் முத்திரை இருக்கட்டும்.

இடம்: ஒஃபின்க்ரோம்
நாள்: ஜூன் 14

வருத்தத்துடன்,
(ஒப்பம்) குவாபெனா ஒதெங்