சாலைக்குக் கிழக்கே உன் நிலம்

மேற்குக் கான்சாஸ்,
1947 ஆகஸ்ட் 12

அன்புத் தங்கை கதரீனாவுக்கு,

அக்கா ரெகினா எழுதுவது. நான்கே நாளில் இரண்டாவது கடிதமா என்று பதறாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோதுமை அறுத்தாயிற்று. சோளம்தான் நின்றபடியே காய்கிறது. ஓரிகனில் உங்களுக்கு ஆப்பிள் நன்றாகக் காய்த்திருக்கிறதாம். உன் யோசேப் இன்னும் அக்கார்டியன் வாசிக்கிறாராம். வாசிக்கட்டும். முதலில் என்னைப் பெண் கேட்டுத்தான் அவர் வீட்டிலிருந்து தூது வந்தது என்பதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

அப்பா நிலம் பிரித்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீரோட்டம் பார்க்கிற கிழவர் பீச் மரக் கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாலைக்கு மேற்கே தண்ணீர் இருப்பதாகக் குச்சி குனிந்ததும், “மூத்தவ நான், எனக்குத்தான் மேற்கு” என்று பாய்ந்து எடுத்துக்கொண்டேன். உனக்குக் கிழக்கு, முள்ளும் பாம்பும். புழுதிப்புயல் வருடங்களில் அதை அப்படியே போட்டுவிட்டு நீ ஊரைவிட்டுப் போனபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனசு குளிர்ந்தது.

போன வாரம் அரசாங்க நிலவியல்காரர் ஒருவர் வந்தார். மாவட்டம் முழுவதும் கிணறு கிணறாக அளக்கிறாராம். இரும்பு நாடாவில் சாக்கட்டியைப் பூசி உள்ளே இறக்குகிறார். பூச்சு எதுவரை நனைகிறதோ, அதுதான் நீர்மட்டம். என் கிணற்றில் நாடாவின் நுனி மட்டும் நனைந்தது. அப்புறம் அவருடைய ஆட்கள் சாலையின் இரண்டு ஓரமும் துளை போட்டார்கள். என் பக்கம் முப்பதடியிலேயே கரும் களிப்பாறை. உன் பக்கம் நூறடிக்கு மேல் ஈரச் சரளை.

“இந்தப் பாறையில எவ்வளவு தோண்டினாலும் காக்கா குடிக்கக்கூடத் தண்ணி வராதும்மா. எதிர்ப்பக்கம் ஒரு பழைய ஆறே புதைஞ்சு கெடக்கு!” என்றார். அது யாருடைய நிலம் என்று கேட்டார். “என்னோடதுதான்” என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதியதுதான் முந்தைய கடிதம். தரிசு நிலத்தை வைத்துக்கொண்டு ஏன் அவதிப்படுகிறாய், கூட வைத்திருக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அக்காவுக்கே கொடுத்துவிடு என்று தேன் ஒழுக எழுதியிருந்தேனே. தண்ணீரைப் பற்றி மூச்சு விட்டேனா? உன் அத்தான் கொன்ராடுக்கு விஷயம் தெரிந்ததும், “ஒன் வயித்தெரிச்சல அணைக்க அந்த ஆறும் பத்தாதுடி” என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று யார் சொன்னது? உனக்கு எது கிடைத்தாலும் என் தட்டிலிருந்து எடுத்தது போலவே இருக்கிறது. நீ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன மண்கூட உனக்காகத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. நான் இருபது வருடமாக இங்கேயே கிடந்து, மாடுகளுக்குச் சேற்றுத் தண்ணீர் காட்டுகிறேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. அந்த நிலவியல்காரரின் குறிப்பேட்டில் உன் நிலத்துக்கு இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. அவர் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே எழுதித் திருத்து. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் அதை அடுப்பில் போடு, தபாலில் சேர்த்துவிடாதே. என் கைக்கு வந்தால் நான் கிழிக்க மாட்டேன், கதரீனா. என்னை எனக்குத் தெரியும்.

ஆண்டவர் உன்னையும் குழந்தைகளையும் காப்பாற்றட்டும். என்னிடமிருந்தும்.

உன் அக்கா,
ரெகினா