ஆன்செலின் கல்லுக்கு ஒரு நாணயம்

பிப்ரவரி 26, செவ்வாய்

ஆர்டிஸ் அக்கா இன்றும் பிடிகொடுக்கவில்லை.

தம்பி ஆன்செல் நவம்பரில் போனான். கல்லறைத் தலைமாட்டில் இன்னும் இறுதிச்சடங்கு நிலையத்தார் குத்திவிட்டுப் போன தகரத் துண்டுதான். பனியில் அதுவும் மறைந்துவிட்டது. கல்யாணம் காட்சி பார்க்காதவன். காகித ஆலைச் சம்பளத்தில் தனக்கென்று வாங்கியதெல்லாம் ஆண்டுக்கு ஒரு வெள்ளி நாணயம். சேகரிப்பவர்களுக்கென்றே அரசு அடிக்கும் ப்ரூஃப் வகை, முகம் பார்க்கலாம் போல் இருக்கும். ஆலை மூடும்வரை வாங்கினான். “இதை விற்று எனக்கு ஒரு கல் வையுங்கள்” என்று அக்காவுக்கும் எனக்குமாக எழுதிவைத்தான். ஒற்றைப்படை ஆண்டுகள் அவளிடம், இரட்டைப்படை என்னிடம்.

இன்று நாணயக்கடை நோவாட்னியிடம் என் பங்கைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதையெல்லாம் தரம் பார்த்து மார்க் போடற கம்பெனிக்கு அனுப்பாதீங்கம்மா. வர்ற லாபத்தை அவங்க கூலியே தின்னுடும். தொண்ணூத்தஞ்சுல ‘டபிள்யூ’ எழுத்து அடிச்சது ஒண்ணு இருக்குன்னீங்களே, அது அபூர்வம், அதை மட்டும் அனுப்புங்க. எழுபதுக்கு அறுபத்தொம்பது வாங்கிட்டு முத்திரை போட்ட உறையில திரும்பி வந்துச்சுன்னா, உங்க தம்பிக்கு நிக்கிற கல்லே வச்சிடலாம்.”

தொண்ணூற்றைந்து ஒற்றைப்படை. அக்காவிடம் இருக்கிறது.

போனில் சொன்னேன். “ஆன்செல் பொருளுக்கு எவனோ மார்க் போடணுமா? பள்ளிக்கூடத்துலதான் அவனுக்கு மார்க்கே வரலை. செத்தப்புறமாவது விடுங்கடி” என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 6, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வேண்டிக்கொண்டேன்: இந்தத் தவக்காலம் முழுக்க அக்காவைக் குறை சொல்வதில்லை. சாக்லேட்டை விடுவது இதைவிடச் சுலபம் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டேன்.

மார்ச் 8, வெள்ளி

இரண்டு நாள் தாங்கினேன்.

ஆலயக் கூடத்தில் மீன் விருந்து. அவள் முட்டைக்கோஸ் சாலட் பரிமாறும் இடத்தில் நின்றிருந்தாள். தட்டை நீட்டிக்கொண்டே கேட்டேன்: “என்னக்கா முடிவு பண்ணினே?” அவள், என் பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, “என் தங்கச்சிக்கு வெள்ளி விலை என்னன்னு கவலை. யூதாசுக்கும் அதே கவலைதான்” என்றாள். வரிசையே சிரித்தது. யாருக்காகக் கேட்கிறேன்? எனக்கா? கல் அவனுக்குத்தானே!

மார்ச் 14, வியாழன்

நாணயங்களைப் பற்றி நூலகத்தில் எடுத்த புத்தகத்தை மூன்றாம் முறை படித்தாயிற்று. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள்தான், ஆனாலும் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து எங்கே மங்கல், எங்கே கீறல் என்று பார்க்க இப்போது தெரிகிறது. சலவை அறையில் விளக்கடியில் உட்கார்ந்து பார்ப்பேன். இவர் எட்டிப் பார்த்து, “ரொட்டி தீயுது லியோனா” என்றார். தீய்ந்துதான் போனது.

கல் செதுக்குமிடத்தில் விசாரித்தேன். எல்லாரும் கல்லறைக்குப் போகும் மே மாத நினைவு தினத்துக்குள் கல் நிற்க வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் சொல்லியாக வேண்டுமாம். நாணயம் போய்த் திரும்பி வர அதற்குமேல் ஆகும். அனுப்பிய ரசீதைக் காட்டினாலும் கல்லைத் தொடங்குவார்களாம். அதாவது, அக்கா மனசு வைத்தால்.

மார்ச் 22, வெள்ளி

ஆச்சரியம். அக்கா வீட்டுக்குள் விட்டாள், காப்பி கொடுத்தாள், தொண்ணூற்றைந்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்த ஆண்டு தங்கக் காசுகளோடு சேர்த்துத்தான் இதை விற்றார்களாம். தங்கத்தை அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்துவிட்டு ஆன்செல் இதை மட்டும் வைத்துக்கொண்டான்.

வட்டப் பிளாஸ்டிக் உறையைத் திறக்காமலே பார்த்தேன். அழகு! “கழுகோட இறக்கை ஓரமா லேசா மங்கலா இருக்கே அக்கா. பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பாங்க. சின்னதா ஏதாவது இருந்தாலும் எண் குறையும்” என்றேன்.

“அவ்வளவு கண்டிப்பா?”

“அவ்வளவு கண்டிப்பு.”

எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். மறுபடியும் கோபமோ என்னவோ. இவளிடம் எதைச் சொன்னாலும் குற்றம்.

மார்ச் 30, சனி

கூப்பிட்டாள்! “செவ்வாக்கிழமை கொண்டுவர்றேன். அனுப்பித் தொலை. உன் வாயை அடைக்க வேற வழி தெரியலை.” தேவனுக்குத் தோத்திரம். செபமாலை முழுக்கச் சொன்னேன், ஒரு மணிகூடத் தவறவிடாமல்.

ஏப்ரல் 2, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நோவாட்னி கடையில் அக்கா கைப்பையிலிருந்து ஒரு ஃபிளானல் துணியை எடுத்தாள். ஆலயத்துத் திருக்கிண்ணத்தைச் சுற்றிவைக்கும் துணி மாதிரியே. பிரித்தாள். நாணயம் உறையில் இல்லை. வெறும் நாணயம், துணிமேல், எரியும் பல்பு போல மின்னியது.

“மங்கலெல்லாம் போயிடுச்சு பாருங்க” என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி முகம். “நம்ம சர்ச்சு வெள்ளிச் சாமானுக்குப் போடற அதே பாலிஷ்தான். ரெண்டு தடவை தேய்ச்சேன்.”

நோவாட்னி விளக்கடியில் ஒரு திருப்பு திருப்பினார். எனக்கே தெரிந்தது. கண்ணாடி போலிருந்த இடமெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறல், தேய்த்த கை எப்படிச் சுற்றியதோ அப்படியே வட்டம் வட்டமாக. அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: “அனுப்பினா அசல்னு சொல்வாங்கம்மா. ஆனா தேய்ச்சதுன்னு எழுதிடுவாங்க. எண் வராது.”

காரில் ஏறிக் கதவைச் சாத்தினதும் வெடித்துவிட்டேன். “கொண்டுவான்னுதானே சொன்னேன், தேய்ன்னா சொன்னேன்?”

“மங்கல்னு நீதானேடி சொன்னே! வெள்ளி மங்கலா இருந்தா நான் வேற என்ன செய்வேன்? பீடச் சங்கத்துல சனிக்கிழமை சனிக்கிழமை பூசைப் பாத்திரம் தேய்க்காம என்ன செஞ்சுக்கிட்டிருக்கேன், சீட்டா விளையாடறேன்?”

ஒரு வார்த்தை — துடைக்காதே, தொடாதே என்று ஒரு வார்த்தை — புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருப்பதைச் சொல்லியிருக்கலாமே! எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேனா? ஐயோ, என்னத்தைச் சொல்ல. அவள் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

ஏப்ரல் 3, புதன்

காலைத் திருப்பலிக்குப் போனேன். பாத்திரம் மின்னியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

அனுப்பலாமா, வேண்டாமா? அசல் என்று சீட்டு வந்தாலும் கொஞ்சம் கூடுதலாகப் போகாதா? காகிதத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கூட்டிக் கழித்தேன். கூலி, அந்தக் கம்பெனியில் சேரச் சந்தா, தபால் காப்பீடு எல்லாம் போனால் ஒன்றும் மிஞ்சாது. நோவாட்னி அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கல் செதுக்குபவரோ நாளைக்கு மேல் காத்திருக்க மாட்டார்.

அப்படியானால் நிற்கிற கல் கிடையாது. படுக்கைக் கல்தான், புல்மட்டத்துக்கு. கோபம் வருகிறது — யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இவரிடம் சொல்லி அழுதேன். “உங்க ரெண்டு பேரையும் சேர்த்து டப்பால போட்டு அனுப்பணும். என்ன எண் வருதுன்னு பார்க்கலாம்” என்றார். அழுகையில் சிரிப்பு வந்து, அதனால் இன்னும் கோபம் வந்தது.

அனுப்பவில்லை. முடிவு.

ஏப்ரல் 5, வெள்ளி

அக்கா தன் பங்கையும் நோவாட்னி கடையில் கொடுத்துவிட்டிருந்தாள். எல்லாவற்றையும் விற்றாயிற்று. நேரே கல் பட்டறைக்குப் போனால், அக்கா எனக்கு முன்பே வாசலில் நிற்கிறாள். நான் வரச் சொல்லவில்லை. உள்ளே கல் செதுக்குபவர் நிற்கிற கற்களைக் காட்டத் தொடங்கியதும் நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “படுக்கைக் கல் போதும். ஆலையில நின்னதெல்லாம் போதும் அவனுக்கு. இனி படுத்துக்கட்டும்.”

கையுறையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். நான் சாம்பல் நிறக் கிரானைட்டைக் காட்டினேன். தலையாட்டினாள். அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

அக்கா பன்றித்தொடைக் கறி கொண்டுவந்தாள். ரொம்ப உப்பு. சொல்லவில்லை.

மே 27, நினைவு தினம்

கல்லறைத் தோட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் கொடிகள். ராத்திரி மழை பெய்திருந்தது. கல் வந்துவிட்டது, புல்லோடு புல்லாக. பக்கத்தில் போய்த் தேடினால்தான் தெரிகிறது. நின்றுகொண்டு படிக்க முடியவில்லை. எழுத்து சின்னது, எங்கள் கண்ணும் அப்படி. அக்கா முதலில் மண்டிபோட்டாள், பிறகு நான். பெயரைச் சத்தமாகப் படித்தாள். அவனுக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம்.

“நிக்கிற கல்லா இருந்திருந்தா இப்படிச் சேத்துல விழுந்து கிடக்க வேண்டாம்” என்றாள்.

“நிக்கிற கல்லா இருந்திருந்தா கார்லேருந்தே பார்த்துட்டுப் போயிருப்போம்” என்றேன்.

எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை. எனக்கும் விடவில்லை. அவள் என் தோளைப் பிடித்தாள், நான் அவள் இடுப்புவாரைப் பிடித்தேன். எப்படியோ எழுந்துவிட்டோம்.