பக்கத்து வீட்டுச் சொஜ்ஜி

9 பிப்ரவரி 1986, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் டிரைவ்வேயில் பனியே இல்லை. பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரியின் பிள்ளை ஜெம் அள்ளிப் போட்டிருக்கிறான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இவருக்கு ஒரே சந்தோஷம். "நல்ல பையன்டி, எனக்கு முதுகுவலி மிச்சம்." எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. நியூஜெர்சியில், இந்த பிஸ்கட்டவேயில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். எவனாவது சும்மா வந்து அடுத்த வீட்டுப் பனியை அள்ளுவானா? என் பெண் சுகந்திக்குப் பத்தொன்பது முடியப்போகிறது. அவள் படிக்கும் யுனிவர்சிட்டியில்தான் அவனும் எம்.எஸ். பண்ணுகிறான்.

மத்தியானம் அவன் அம்மா நெர்மின் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனாள். லோகும் என்று பெயராம். ரோஜா நிறத்தில் சதுரம் சதுரமாக, மேலே வெள்ளைப் பொடி. தொட்டால் அமுங்குகிறது. இப்படி அமுங்குவதெல்லாம் ஜெலட்டின்தான். ஜெலட்டின் என்றால் எலும்பு. மூடி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன்.

12 பிப்ரவரி

ஒரு துண்டைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். மாத்திரை செய்கிற கம்பெனியில் பரிசோதனை பார்க்கிறவள் நான். எதையும் சோதிக்காமல் நம்பினால் எனக்கு வேலையே இல்லை. அயோடின் விட்டேன். நீலம். சோள மாவுதான். புரதத்துக்கும் பார்த்தேன், இல்லை.

சரி, எலும்பு இல்லை. ஆனால் காரணம் இல்லாமல் யாரும் இனிப்புக் கொடுப்பதில்லையே, அதை எதைப் போட்டுச் சோதிப்பது?

வீட்டுக்கு வந்து பார்த்தால் டப்பா காலி. அப்பாவும் பெண்ணும் தீர்த்துவிட்டார்கள்.

21 பிப்ரவரி

அண்ணா வாஞ்சிநாதன் போய் இன்றோடு ஏழு வருஷம். அப்போது தந்தி எங்கேயோ தொலைந்து, கடிதம்தான் வந்து சேர்ந்தது, பதினாறாம் நாள். தீட்டெல்லாம் முடிஞ்சாச்சு, தலைக்குக் குளிச்சா போறும் என்றார் இவர். குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன?

1 மார்ச்

நெர்மின் இரண்டு கிண்ணத்தோடு வந்தாள். பால் இனிப்பு. அடி கருகியிருக்கிறது. வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டுச் சுருட்டி எடுப்பார்களாம். நம் வீட்டில் அடிப்பிடித்தால் திட்டு விழும், இவர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தைக் காட்டி, இதில் கோழி போட்டிருக்கிறது, இது உங்களுக்கு இல்லை, எதிர் வீட்டுக்கு என்றாள். பாலில் கோழியா? யார் காதில் பூச்சுற்றுகிறாள்! சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறாள். இவர் நம்முடையதை வழித்துச் சாப்பிட்டு, "திரட்டுப்பால் மாதிரின்னா இருக்கு" என்றார். நான் தொடவில்லை.

சுகந்தி ஜெம்மின் காரில்தான் காலேஜ் போகிறாள். "இட்ஸ் ஜஸ்ட் எ ரைட், மாம்."

ஜஸ்டாம்!

8 மார்ச், சனி

இதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நெர்மினும் ஜெம்மும் வாசலில் நின்றார்கள். இரண்டு பேரும் நல்ல உடையில். நெர்மின் தலையில் முக்காடு போட்டு இன்றுதான் பார்க்கிறேன். கையில் சூடாக ஒரு தட்டு. மூடியைத் திறந்தால் ரவை! வெண்ணெயில் வறுத்து, பாலும் சர்க்கரையும் விட்டுக் கிளறி, முந்திரிக்குப் பதில் ஏதோ பொடிப் பருப்பு. ஹெல்வா என்றாள். எந்தப் பெயர் சொன்னால் என்ன, கேசரிப் பவுடர் போடாத அசல் சொஜ்ஜி.

அவளுக்கு இங்கிலீஷ் அரைகுறை. "மை ப்ரதர் லெஃப்ட். திஸ் மார்னிங், இஸ்மீர். ஃபார் ஹிம் ஐ மேக்." கண் கலங்கியிருந்தது. பிள்ளையைப் பெற்றவளுக்கு இந்த மாதிரி நேரத்தில் கலங்கத்தானே செய்யும்? அந்தப் பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் ஓகே ஓகே என்று கதவைச் சாத்தினேன்.

இவருக்குச் சிரிப்பு. "சொஜ்ஜி வந்தாச்சு, பஜ்ஜி எங்கேடி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பார்க்க வந்தால் நாம் சொஜ்ஜி கொடுப்போம். அவர்கள் ஊரில் பிள்ளை வீட்டார் கொண்டு வருவார்கள் போலிருக்கிறது. அதோடு, தாய்மாமன் இன்று காலையில் இஸ்மீரிலிருந்து கிளம்பிவிட்டான்! தாய்மாமன் இல்லாமல் கல்யாணப் பேச்சு உண்டா? பனி அள்ளியதும் லோகும் கொடுத்ததும் இதற்குத்தான்.

9 மார்ச்

சொஜ்ஜியை ஸிங்க்கில் கொட்டி, அடியில் இருக்கும் குப்பை மிஷினைப் போட்டு அரைத்துவிட்டேன். தட்டைத் தேய்த்து வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தேன்.

15 மார்ச், சனி

மறுபடியும் அதே சொஜ்ஜி! இந்தத் தடவை அவள் மட்டும். இனிமேலும் பொறுக்க முடியாது என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன். என் பெண் ஜாதகம் டெக்ஸஸுக்குப் போயிருக்கிறது, அங்கே கேட்டி என்கிற ஊரில் மகாதேவன் என்று ஒருவர், அவர் பிள்ளைக்கு. "உங்கள் ப்ரதரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்."

ஜாதகம் என்னவென்று அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கடைசி வாக்கியம் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. "ஹி வில் நாட் கம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனாள்.

மாடிப்படியில் சுகந்தி நின்றிருந்தாள். "மாம்! ஹவ் குட் யூ?" அவ்வளவுதான், அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்?

23 மார்ச்

சுகந்தி பேசுவதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாள்.

2 ஏப்ரல்

தினம் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வரும்போது லவங்கப்பட்டை வாசனை. எடிசனிலிருந்து என் சிநேகிதி ராஜலக்ஷ்மி போன் பண்ணினாள். "நெருப்பில்லாம புகையாது ஷ்யாமளா, ஜாக்கிரதை" என்கிறாள். இவரோ, "நீயா ஒண்ணும் கிளப்பாதே" என்கிறார். பெற்ற வயிறு பற்றி எரிகிறது, இவருக்கு என்ன! இந்தப் பெண்ணும் கையை விட்டுப் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

17 ஏப்ரல், வியாழன்

வேலையிலிருந்து வந்தேன். வாசல்படியில் பிளாஸ்டிக் பேப்பர் சுற்றி அதே ஹெல்வா. எதிர் வீட்டுத் தபால்காரர் வீட்டு வாசலிலும் ஒன்று. அதற்கு அடுத்த வீட்டிலும். எல்லாத் தட்டிலும் ஒரு டைப் அடித்த அட்டை.

"மார்ச் 8 அன்று இஸ்மீரில் காலமான என் அண்ணன் நெஜாத்தின் நாற்பதாவது நாள். அவர் ஆத்மாவுக்காகக் கிளறியது. தயவுசெய்து சாப்பிட்டு, அவருக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மார்ச் எட்டு. பதினைந்து, அது ஏழாம் நாள். இன்று நாற்பது.

லெஃப்ட் என்றாளே. நாமும் அப்படித்தானே சொல்கிறோம், போயிட்டார் என்று? செத்தார் என்று யார் சொல்கிறார்கள்? இந்த நோட்டையே திருப்பிப் பார்த்தேன். பிப்ரவரியில் நானே எழுதியிருக்கிறேன், அண்ணா போய் ஏழு வருஷம் என்று.

செத்துப்போன அண்ணனை வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வாசலுக்கு வந்து துக்கத்தை நீட்டினாள், நான் அதை ஸிங்க்கில் போட்டு அரைத்தேனே, பாவி!

18 ஏப்ரல்

சுகந்தியிடம் நானே போய்ச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "யூ டிட்ன்ட் நோ? ஐ தாட் யூ நியூ. ஐ தாட் யூ வேர் ஜஸ்ட் பீயிங் மீன்."

ஒரு மாசமாக என் பெண் என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

கிரீன் கார்டு இன்னும் வராததால் நெர்மின் ஊருக்குப் போக முடியவில்லையாம். போனால் திரும்பி வர முடியாது. ஜெம்முக்கு ராத்திரி எட்டு மணி வரை வேலை, அதனால் இவள் போய்க் கூட உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்குப் பாஸ்டனில் ஒரு பெண் நிச்சயமாகி ஒரு வருஷம் ஆகிறதாம். கேட்டுவிட்டு இவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

19 ஏப்ரல், சனி

தட்டில் ஐந்து ஆரஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. "ஐ தாட்… கமிங். பை ப்ளேன்" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் யோசித்தாள். அவளுக்குப் புரிய வெகு நேரம் ஆயிற்று. புரிந்தும் சிரிக்கவில்லை.

"யூ ஹேவ் ப்ரதர்?" என்று கேட்டாள்.

"ஹி லெஃப்ட்" என்றேன்.

அவருக்கு யார் ஹெல்வா கிளறினார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். அப்போதுதான் வழிவிட்டாள். ரவை டப்பாவைத் திறந்து, பொடிப் பருப்பையும் ரவையையும் வெண்ணெயில் சேர்த்துப் போட்டு, கரண்டியை என் கையில் கொடுத்தாள். பருப்பு சிவக்கும் வரை கைவிடாமல் கிளற வேண்டும், கிளறும்போது போனவரை நினைத்துக்கொள்ள வேண்டும். முக்கால் மணி நேரம் கிளறினேன். நடுவில் கை வலித்தபோது சுகந்தி வாங்கிக்கொண்டாள்.

27 ஏப்ரல்

இன்று நம் வீட்டு அடுப்பில் நானே கிளறினேன். தெருவில் ஏழு வீட்டுக்கும் சுகந்தி கொண்டுபோய்க் கொடுத்தாள். எடிசனுக்கு இவர் காரில் கொண்டுபோனார். அரை மணியில் ராஜலக்ஷ்மி போன் பண்ணிவிட்டாள்.

"என்னடி, சொஜ்ஜி அனுப்பியிருக்கே? சுகந்தியைப் பொண்ணு பாக்க வந்தாளா? சொல்லவே இல்லியே!"

"இல்லடி. எங்க அண்ணா போயிட்டான்."

"ஐயையோ! எப்போ?"

"எழுபத்தொம்பதுல" என்றேன்.