எலுமிச்சைமேல் காய்ந்த சட்டை

சக்குபள்ளம்
ஆகஸ்ட் 1975

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கும்போது போட்ட சட்டையை, போன இடத்திலும் மருந்தடிக்க அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்பவில்லை.

வாசல் எலுமிச்சையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு, பதினோரு புழுக்கள் பொரித்திருந்தன. எப்போது சிறகு முளைக்குமென்று நம் இன்பமேரி தினமும் எண்ணிப் பார்ப்பாள். மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, அந்தச் சட்டையைச் செடிமேல்தான் காயப்போட்டேன். சாயங்காலம் புழுக்களெல்லாம் செத்து உதிர்ந்து கிடந்தன.

“அந்த மருந்து மனுசர ஒண்ணும் செய்யாது” என்கிறார் கங்காணி.

இருமல் நின்றதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை.

மகள் புழுக்களைப் பொறுக்கிக்கொண்டே, “அப்பா தெனமும் இந்தச் சட்டையத்தானம்மா போட்டாக?” என்று கேட்டாள். கன்னத்தில் அறைந்துவிட்டேன். இதுவரை அவளை நான் அடித்ததேயில்லை.

பதிலை நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி