முள்ளிக்குளத்தில் கேட்ட மூச்சு

மச்சான்,

ஹெட்போனின் காதுப் பஞ்சில் இன்னும் உன் தைலம் மணக்கிறது. பந்தடி முடிந்து முழங்காலுக்குப் பூசிய கையைக் கழுவாமலே அதை எடுத்து மாட்டுவாய். எத்தனை தரம் ஏசியிருப்பேன்! வருடக்கணக்காகத் துடைக்கிறேன், போகவில்லை. இன்று காலை முள்ளிக்குளம் கடற்கரையில் அதை மாட்டியபோது மணம் கூடியிருந்தது.

கம்பஸ் நாட்களில் எங்கள் குறும்படங்களுக்கு நீ மைக் பிடிப்பாய், நான் பதிவேன். எந்த இடத்திலும் கடைசியில் எல்லோரும் வாயை மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிந்துகொள்ள வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதுதான் நிரப்பும். அதைக் கெடுப்பவன் நீதான். பந்து பட்டு உடைந்த உன் மூக்கு மூச்சுக்கு மூச்சு விசிலடிக்கும். கோயில் பாடகர் குழுவிலும் அதனால்தான் உன்னைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள்.

"மூச்சை அடக்கடா!"

"கோலுக்க நிக்கேக்க மட்டுந்தான் அது தானா நிக்கும். இப்ப என்ன, பெனால்டியே அடிக்கிறாங்கள்?"

உண்மைதான். பந்தைத் தடுக்கப் பாய்வதற்கு முன் உன் விசில் சட்டென்று நிற்கும். கோலுக்குப் பின்னால் நிற்கும் எங்களுக்கு அது தெரியும். நின்றால் பந்து உள்ளே போகாது.

படிப்பு முடிய இரண்டு பேரும் படங்களுக்கு ஒலி செய்வதென்று இலுப்பைக்கடவை றோட்டில் மோட்டார்சைக்கிளில் போகும்போது முடிவெடுத்தோம். "நீ அரசாங்க வேலையெண்டு கந்தோரில போய்க் குந்தினியெண்டால், கதிரையோட சேத்துத் தூக்கிக்கொண்டு வருவன்," என்றாய். கம்பஸ் கடைசி வருடத்தில் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். வீட்டுக்கு உன்னைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது எனக்கு அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் மைக், கருவி எல்லாவற்றையும் விற்றுவிடுவதாக வீட்டில் பேச்சு. இதுதான் கடைசிப் பதிவென்று நினைத்துத்தான் முள்ளிக்குளம் போனேன். நல்ல வெயில். கரையில் ஒரு ஆள் இல்லை. கருவியை ஓடவிட்டு நின்றேன்.

விசில் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினேன். காற்றும் கடலும். மாட்டினேன். இடப்பக்கத்தில் உன் மூக்கு. அந்த நேரம் பார்த்து அம்மா போன் எடுத்தா. ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு கதைத்தேன்.

"தம்பி, திங்கக்கிழமை வேலைக்குப் போறாய்தானே? அப்பா புதுச் சேட்டும் வாங்கிப்போட்டார்."

"ஓம்" சொல்ல வாயெடுத்தேன். மற்றக் காதில் விசில் நின்றது.

திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. நீ பாயப்போகிறாய் என்று மட்டும் தெரிந்தது.

"இல்லையம்மா," என்றேன். "நான் போகமாட்டன்."

மூச்சு திரும்ப வந்தது.

இப்போது பின்னேரம். அம்மா குசினிக்குள் அழுதுகொண்டிருக்கிறா. அப்பா அந்தச் சேட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். யார் சொல்லி வேண்டாமென்றாய் என்று கேட்கிறார். பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கடல் மட்டும்தான் இருக்கிறது.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் நீ இல்லையென்று அழுத காலத்தில் வராத பயம் இன்று வந்திருக்கிறது, மச்சான். இனி எதற்கு "ஓம்" சொல்ல வாய் திறந்தாலும், முதலில் காது கொடுத்துப் பார்ப்பேன்.