டல்சாக்காரனை வாங்கலாமா?

பிப்ரவரி 18, செவ்வாய்

துலூத்தில் ஏரி முழுக்க ஐஸ் கிடக்கிறது. நான் அதையே பையில் போட்டு முழங்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தேழு வயதில் அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரனின் விடுமுறை இப்படித்தான் போகும்.

காலையில் அணி மேலாளர் மார்னி கூப்பிட்டார். “டாரின், டல்சா அணியில அந்த ஜரெல் மொண்டேனை விடப்போறாங்க. வாங்கலாமான்னு யோசிக்கிறோம். நம்ம பயிற்சியாளர்கள் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அவன் ஆடின ஆட்டமெல்லாம் அனுப்புறேன். பார்த்துட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

ஜரெலுக்கு இருபத்துமூன்று வயது. குவார்ட்டர்பேக். அதாவது என் வேலை. பந்தை வாங்கி, ஆட்டத்தை நடத்தி, எறிகிறவன் ஓர் அணிக்கு ஒருவன்தான். பதினான்கு வருடமாக இங்கே அது நான்.

என் நாற்காலிக்கு வருகிறவனை நானே பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நல்ல மரியாதை!

பிப்ரவரி 20

எட்டு ஆட்டம் பார்த்தேன். பையன் பத்தொன்பது பந்துகளை எதிரணிக்குத் தாரை வார்த்திருக்கிறான். சொந்த ஊர்க்காரர்களே ஊளையிடுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இங்கே எழுதுவதற்கென்ன, இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்குப் பந்தைப் பார்க்காமல் அவன் காலை மட்டும் பார்த்தேன். ஏன் பார்த்தேனோ.

கல்லூரியில் ஆடியபோது இடது காலை முன்னே வைத்து நின்றிருக்கிறான். டல்சாவில் யாரோ ஒரு மகானுபாவன் அதை மாற்றி வலது காலை முன்னே வைக்கச் சொல்லியிருக்கிறான். அதனால் ஒவ்வொரு எறிதலும் அரை நொடி தாமதம். பந்து போய்ச் சேரும்போது அதைப் பிடிக்க வேண்டியவன் தாண்டிப் போயிருக்கிறான், எதிரி வந்திருக்கிறான். கையில் கோளாறு இல்லை. கண்ணிலும் இல்லை. காலை மாற்றினால் ஒரு கோடையில் சரியாகிவிடும். என்னைவிட நன்றாக எறிவான்.

இது வேறு யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

நானும் இப்படித்தான் வந்தேன். சேக்ரமெண்டோ அணியில் ஆடியபோது என்னைக் குப்பை என்று எழுதாத பத்திரிகை இல்லை. இங்கே வந்து இறங்கியது மார்ச் மாதம், இடுப்பளவு பனி, என்னிடம் ஒழுங்கான கோட்டுகூட இல்லை. அப்போது இங்கே குவார்ட்டர்பேக் டுவேன். உடை மாற்றும் அறையில் தன் தடித்த கோட்டைக் கழற்றி என் மேல் போட்டு, “வெறச்சுச் சாகாதடா, எங்களுக்கு ஆள் கம்மி” என்றார். அன்றைக்கு மத்தியானம் அவர் வாங்கிக் கொடுத்த காட்டரிசி சூப்பின் சூடு இன்னும் தொண்டையில் இருக்கிறது. டுவேன் பரிந்து பேசித்தான் என்னை வாங்கினார்கள் என்று ஊரே சொல்லும். அந்த வருடமே நடந்த அவருடைய வழியனுப்பு விழாவில் மேடையேறி அழுதுகொண்டே நன்றி சொன்னேன்.

அந்த நாட்கள் மாதிரி வராது. எத்தனை தோற்றாலும் மறுநாள் ரொட்டிக்கடைக்காரி சிரித்துக்கொண்டே கொடுப்பாள்.

பிப்ரவரி 26

மார்னி கேட்டார். “இன்னும் பார்த்து முடிக்கல” என்றேன். பொய்.

மார்ச் 1, சனி

டுவேனைப் பார்க்கப் போனேன். ஏரிக்கரையில் மீன் புகைபோடும் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொல்லி, “நீங்க அன்னைக்கு என்னை வாங்கச் சொன்னீங்களே அண்ணே, எப்படி மனசு வந்துச்சு?” என்று கேட்டேன்.

கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நானா? வேண்டவே வேண்டாம்னுல்ல சொன்னேன்! இவன் கையில பந்தைக் குடுக்கிறதும் ஏரியில போடுறதும் ஒண்ணுன்னேன். அவங்க கேக்கல.”

“அப்புறம் ஏன் அன்னைக்கு மேடையில வாயே திறக்கல?”

“நீ மூக்கு ஒழுக நன்றி சொல்லிட்டிருக்க. நடுவுல எந்திரிச்சு, ‘இல்லப்பா, அது நான் இல்ல’ன்னா சொல்லச் சொல்ற?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர் மீனை மறுபடி எடுத்துத் துடைத்தார். பிறகு, “நீ நல்லா எறிவேன்னு அப்பவே தெரியும்டா. தெரிஞ்சேதான் சொன்னேன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினான்கு வருட நன்றி. இப்போது அதை என்ன செய்வது? ஆனாலும் அந்தக் கோட்டைப் போர்த்தியது அவர்தானே. அதுவும் பொய்யில்லையே.

மார்ச் 3

மார்னியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கால், அரை நொடி, எல்லாம். “வாங்குங்க” என்றேன். ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, இந்த ஊரிலேயே ஓய்வு பெறுவேன். போதும்.

மார்ச் 13, வியாழன்

ஜரெலை வாங்கிவிட்டார்கள். பதிலுக்கு டல்சா, புது ஆள் கிடைக்கும்வரை சமாளிக்க அனுபவமுள்ள ஒரு குவார்ட்டர்பேக்கைக் கேட்டதாம்.

நான்.

மார்னி அழுதேவிட்டார். என் மனைவி கெர்ஸ்டின் அழவில்லை. “யோக்கியனா இருக்கப்போறேன்னா பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? டல்சாவுக்கு எந்த ஸ்வெட்டரை எடுத்து வைக்கிறது?” என்றாள். அங்கே ஸ்வெட்டரே தேவைப்படாது என்றேன். அதன்பிறகுதான் அழுதாள்.

ஏப்ரல் 2

துலூத்தை விட்டுப் போகும் பாலத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

துலூத்தில் ஆடினோம். 27-13, தோல்வி. ஜரெல் மூன்று டச்டவுன் எறிந்தான். இடது கால் முன்னே. அழகாக இருந்தது, பாவி.

நான் முதல்முறை பந்துக்கு நின்றதை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன். சொந்த அணி பந்தோடு நிற்கும்போது, குவார்ட்டர்பேக் கூவும் குறிச்சொல் கேட்கட்டும் என்று ஊர் அமைதியாக இருக்கும். வெளியூர்க்காரன் நின்றால் காது கிழியக் கத்தும். அதுதான் வழக்கம். அந்தக் கூச்சலுக்காக வாரம் முழுக்கக் கைச்சாடையில் பயிற்சி எடுத்திருந்தோம்.

நான் போய் நின்றேன். அறுபதாயிரம் பேர், ஒரு சத்தமில்லை. பந்தை எனக்குத் தருகிற பையன் குனிந்தபடியே, “என்னண்ணே, இவங்களுக்கு என்ன ஆச்சு?” என்றான்.

அந்த அமைதியில் எனக்குச் சாடையெல்லாம் மறந்துவிட்டது. வாயைத் திறந்தேன், துலூத்தின் பழைய குறிச்சொல் வந்தது. டல்சாக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள், ஒருவன் பந்து நகருமுன்பே பாய்ந்துவிட்டான். ஐந்து கெஜம் தண்டனை. ஊரே சிரித்தது.

அடுத்த முறை நான் பந்துக்கு நின்றபோது கத்தத் தொடங்கினார்கள். நெஞ்செலும்பு அதிர்ந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதினான்கு வருடம் எனக்காக எவ்வளவு சத்தத்தை அடக்கி வைத்திருந்தார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.