விபூதிப் பட்டையில் கசிந்த மண்ணெண்ணெய்

என் பிரியமான அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் கை போகிறது. உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். அரிக்கேன் விளக்கின் திரியைத் தணித்து, அண்ணன் முகத்தில் வெளிச்சம் விழாதபடி உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா.

விடிந்ததும் அண்ணன் நம் காரைச் சிறுமலைக்கு ஏற்றப் போகிறான். அம்மாவும் தங்கச்சி ராணியும் அதில் போகிறார்கள். வண்டி வழியில் தீப்பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது நான் மட்டும்தான்.

நீங்கள் போன பிறகு கார் கொட்டகையிலேயே கிடந்தது. மாசியில்தான் அண்ணன் அதை எடுத்து ஓட்டத் தொடங்கினான். ரயிலடியில் சவாரி கிடைக்கிறது, நத்தம் வரைக்கும் போய்வருகிறான். மலை மட்டும் அதற்கு ஏறாது. இரண்டாவது வளைவிலேயே இழுக்க முடியாமல் நின்றுவிடும். சிறுமலை வாழைத்தோட்டக்காரர் ஒருவர், "நெறஞ்ச பாரத்தோட நிக்காம மேல ஏறட்டும், அப்புறம் என் சவாரியெல்லாம் ஒனக்குத்தேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு தண்ணீர் நினைப்பில்லை. நாளைக்கு அந்தப் பாரம், அம்மாவும் ராணியும் இரண்டு நெல் மூட்டையும்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாயை உள்ளே அரத்தால் அராவி அகலப்படுத்தினால் வண்டி மேடு இழுக்கும் என்று வேடசந்தூர் லாரிக்காரர் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை, நீங்களும் சொன்னதுதான். ஆனால் நம் காருக்கு நீங்கள் அதைச் செய்ததே இல்லை. ஏன் அப்பா?

குழாயைக் கழற்றியதும் அண்ணன் எஞ்சின் பக்கத்துத் துவாரங்களிலும் அரத்தை விடப் போனான். "தூளு உள்ள விழுந்துச்சுன்னா பிஸ்டன் கீறிரும்ணே" என்றேன். "நீ விளக்கப் பிடி புள்ள" என்றான். ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் கேட்டு, துணியை அடைத்து விட்டுவிட்டான். பிறகு குழாயை மடியில் வைத்துக்கொண்டு அராவினான். குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் அட்டையைக் குழாயின் வாயில் வைத்துப் பார்த்து, அந்த அளவுக்குக் கோடு போட்டுக்கொள்ளவில்லை. கண்பார்வைதான் அளவு. கடைசியில் பேக்கிங்கை வைத்தபோது குழாயின் துவாரம் அதன் ஓட்டையைவிடப் பெரிதாக இருந்தது. அவன் பேக்கிங்கைப் பிளேடால் நறுக்கினான். அப்புறம் செங்கல் பொடியில் எண்ணெய் விட்டு உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கினான். ஒவ்வொரு தேய்ப்புக்கும் குழாயின் சுவர் மெலிந்துகொண்டே போனது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வேலை முடிந்ததும் அம்மா குழாய்க்கு வெளியே விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டாள். அது காய்ந்த பிறகுதான், தூள் போகக் கழுவச் சொல்லி அண்ணன் என்னிடம் கொடுத்தான். நான் வாய்களைக் கந்தலால் அடைத்து, மண்ணெண்ணெயை நிறைய ஊற்றி ஊறவைத்தேன். செத்த நேரத்தில் நடுப் பட்டையில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. தலைமயிர் அளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. வெளியில் ஒரு சொட்டு நான் சிந்தவில்லை அப்பா. உள்ளிருந்துதான் வந்தது.

"அண்ணே, ஓட்டை விழுந்திருக்கு. இங்க பாரு."

அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சாமிக்கு வேர்க்குது புள்ள. ரெண்டு நாளா அம்புட்டு வேலை வாங்கியிருக்கோம்ல?"

"வெளையாடாதண்ணே. இத மாட்டாத."

"வேற குழாய்க்கு நான் எங்க போறது? அந்தத் தோட்டக்காரரு நாளைக்கு மட்டுந்தேன் பாக்க வாரேன்னுருக்காரு. நீ எட்டாங்கிளாசு, அம்புட்டுத்தேன். எஞ்சினீரு இல்ல."

அம்மாவிடம் போனேன். "நல்ல காரியத்துக்குக் கெளம்பையில வாயில என்னடி வருது ஒனக்கு? ஒங்கப்பா இருந்தா அவருதேன் முன்னாடி நிப்பாரு" என்றாள். நிற்பீர்களா?

உங்கள் உள்ளங்கைத் தழும்பை நான் மறக்கவில்லை. யாரோ ஒருவர் உங்களிடம் பழுதுபார்க்கக் கொண்டுவந்த கார். இதே மாதிரி அராவிய குழாய் சூட்டில் பிளந்து, பக்கத்தில் போன பெட்ரோல் டியூப்பில் தீ பாய்ந்தது. நீங்கள் வெறுங்கையால் மண்ணை அள்ளிப் போட்டீர்கள். கட்டுப் போட்ட கையோடு அன்றைக்குச் சொன்னீர்கள்: "வெளிய பாத்தா எல்லாப் பக்கமும் ஒரே கனந்தேன்மா. வார்க்கையில உள்ள ஒரு பக்கம் மெலிஞ்சிருக்கும். அது அரத்துக்குத் தெரியாது." நான் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அன்றைக்குப் பழனிக்குப் போயிருந்தான். அவன் அந்தத் தீயைப் பார்க்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

நம் காரிலும் பெட்ரோல் டியூப் அந்தக் குழாயின் மேலாகத்தான் போகிறது. அண்ணன் கெட்டவன் இல்லை அப்பா. காலைப் பயணத்துக்கென்று அம்மாவுக்கு முன்சீட்டில் போர்வையை இப்போதே மடித்துப் போட்டு வைத்திருக்கிறான், வலிக்கக் கூடாதென்று.

குழாயை எஞ்சினோடு இறுக்கும் பித்தளை நட்டுகள் இப்போது என் பள்ளிக்கூடப் பையில், ஜியாமெட்ரி பெட்டிக்குள் இருக்கின்றன. அவை இல்லாமல் அண்ணனால் மாட்ட முடியாது. விடிந்ததும் தேடுவான். என்னை அடிப்பான் என்றுதான் நினைக்கிறேன். கிணற்றில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். போட்டால் அவன் வேறு நட்டுக்குப் போவான், கோடு அப்படியே இருக்கும்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் ஓடி ஒளிய மாட்டேன். குழாயைத் துடைத்துப் புதிதாக விபூதி பூசி, மண்ணெண்ணெயை அண்ணனையே ஊற்றச் சொல்வேன். அம்மாவும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பட்டை வெள்ளையாகவே இருந்தால் நட்டுகளைக் கொடுத்துவிட்டு நானும் வண்டியில் ஏறிக்கொள்கிறேன். கறுத்தால், எவ்வளவு அடித்தாலும் பெட்டியைத் திறக்க மாட்டேன். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். "ஆடாமப் பிடிம்மா" என்று, விளக்குப் பிடிக்கையில் சொன்ன மாதிரி, நீங்கள் சொல்வது கேட்டால் போதும்.

உங்களுக்கு விளக்குப் பிடித்த மகள்,
செல்வி